காருக்குள் வெல்லப்பாகு காய்ச்சுவது போன்ற வாடை: எங்கிருந்து வருகிறது?

கேள்வி: சேலத்துக்காரர்

வணக்கம். என்னிடம் 2015-இல் வாங்கிய பெட்ரோல் கார் இருக்கிறது. இதுவரை 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதங்களாக, வண்டி கிளம்பிக் கால் மணி நேரம் ஆனதும், வெல்லப்பாகு காய்ச்சுவதுபோல ஒரு தித்திப்பு வாடை உள்ளே இலேசாக வருகிறது. ஏசியில் பூஞ்சை படிந்திருக்கும் என்று சொல்லி, ஒரு பட்டறையில் அதைச் சுத்தம் செய்து ஃபில்டரையும் மாற்றினார்கள், வாடை போகவில்லை. சென்ற வாரம் ஏற்காட்டில், குளிருக்காக ஏசிக் குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பியதும் அதே வாடை குப்பென்று அடித்தது. முன்கண்ணாடி மங்கியது, துணியால் துடைத்தால் எண்ணெய்போல இழுவிக்கொண்டு வந்தது. முன்னிருக்கையின் இடப்பக்கக் கால்மிதியும் ஈரமாக இருக்கிறது. மலையிறங்கி அடிவாரத்தில் நிறுத்தியபோது, முன்சக்கரங்களிலிருந்து வேறொரு கருகல் வாடையும் வந்தது. இரண்டும் ஒரே கோளாறாக இருக்குமா?

பதில்: கிளட்ச் அனுபவசாலி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஏறினால் தட்டு தேய்ந்து, காகிதம் எரிவது போன்ற வாடை வரும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. கிளட்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில்: பழைய மெக்கானிக்

கிளட்ச் கருகினால் வாடை தித்திக்காது ஐயா. ஏறும்போது வந்து, வண்டி ஆறியதும் அடங்கிவிடும். நீங்கள் சொல்வது சமவெளியிலும் தினமும் வருகிறது. பூஞ்சையாக இருந்தால் ஏசியைப் போட்ட முதல் நிமிடத்தில் ஈரத்துணி வாடை அடித்துப் பிறகு குறையும்; உங்களுக்கோ எஞ்சின் சூடான பிறகுதான் தொடங்குகிறது. இந்த ஒன்றைக் கேட்டிருந்தாலே அந்தப் பட்டறைக்காரர் ஏசியைத் தொட்டிருக்க மாட்டார்.

தித்திப்பு வாடை, கண்ணாடியில் பிசுக்கு, இடப்பக்கம் ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். அது ஒரு குட்டி ரேடியேட்டர். நாம் ஹீட்டரையே தொடாவிட்டாலும், பெரும்பாலான வண்டிகளில் எஞ்சினின் சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) அதன் வழியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள்தான் அந்தத் தித்திப்பு. ஊசித்துளை விழுந்தால்கூட, குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பியதும் காற்று அதன்மேல் பட்டு, ஆவியை நேராகக் கண்ணாடியில் கொண்டுபோய் அப்பும்.

ஏசித் தண்ணீரும் அதே இடத்தில் சொட்டக்கூடும் என்பதால், கால்மிதியைத் தூக்கி, ஈரத்தில் ஒரு வெள்ளை டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். ஏசித் தண்ணீருக்கு நிறமும் வழவழப்பும் இருக்காது. தாளில் பச்சையோ இளஞ்சிவப்போ ஏறி, விரலுக்கிடையே தேய்த்தால் வழுக்கினால் அது கூலன்ட். அது நஞ்சு, கையைக் கழுவிவிடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய காலை நேரத்தில் கூலன்ட் டப்பாவின் அளவைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

சக்கரத்துக் கருகல் தனிக்கதை. இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அப்படித்தான் வரும். இரண்டாம் கியரில் இறங்குங்கள். சமவெளியிலும் ஒரே சக்கரத்தில் மட்டும் வந்தால், பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு கேள்வி: இதற்கு முன் கூலன்ட் அளவு குறைந்தபோது எதை ஊற்றினீர்கள்?

சேலத்துக்காரர்

ஒப்புக்கொள்கிறேன்: வீட்டு போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றினேன். இரண்டு வருடங்களாக அவ்வப்போது. தாளில் வெளிர் பச்சை ஏறியது.

பழைய மெக்கானிக்

எங்கள் ஊர்ப் பக்கமும் பாதி வண்டிகளுக்கு இதே கதைதான். உப்புத் தண்ணீர் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். துருவைத் தடுக்கும் மருந்தும் நீர்த்துப் போகும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில், அழுத்தம் காட்டும் முள்ளுள்ள பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்ட அளவுக்கு அழுத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரம் தெரியாவிட்டால், உள்ளேதான் ஒழுக்கு. கோரை மாற்ற டாஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருக்கும். பொருளின் விலையைவிடக் கூலி அதிகமாகலாம். அதுவரை கோருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் வண்டி ஓடும், ஹீட்டர் மட்டும் இருக்காது. சேலத்து வெயிலில் அதற்காக யாரும் அழப்போவதில்லை.

சேலத்துக்காரர்

அழுத்தச் சோதனையில் முள் பத்து நிமிடத்தில் பாதிக்கு இறங்கியது. வெளியே ஒரு சொட்டு இல்லை. கோரை மாற்றி, பழைய நீரை முழுவதும் வடித்து, கலந்தே விற்கும் கூலன்டை ஊற்றியாயிற்று. கண்ணாடியில் பிசுக்கு இல்லை. ஆனால் வாடை இன்னும் இலேசாக இருக்கிறதே?

பழைய மெக்கானிக்

கால்மிதிக்குக் கீழே விரித்திருக்கும் ஸ்பாஞ்சு ஊறியிருக்கும். அதை வெளியே எடுத்து அலசி வெயிலில் போடுங்கள். நாய் நக்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். தித்திப்புக்கு வந்து நக்கினால் உயிருக்கே ஆபத்து.

சேலத்துக்காரர்

பிழிந்தபோது அரை வாளி வெளிர் பச்சை நீர் வந்தது. இப்போது மொட்டை மாடியில் காய்கிறது. படிக்கட்டுக் கதவைத் தாழிட்டுவிட்டேன்.