‘லாபியிங்’ என்பதற்குத் தமிழில்: வாயிலுரை?

அன்புள்ள குழுவினருக்கு,

சட்டமியற்றுவோரையும் அரசு அலுவலர்களையும் கண்டு பிறருக்காகப் பேசும் தொழிலை, அமெரிக்க அரசியல் கட்டுரைகளில் ‘லாபியிங்’ என்றே எழுதுவதா, தமிழில் ஒரு சொல் ஆள்வதா என்ற உரையாடலில் இதுவரை பரப்புரை, ஆதரவு திரட்டல், அரசியல் தரகு என மூன்று சொற்கள் வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. சொல்லைத் தேடும் முன் பொருளை வரையறுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையை அமெரிக்கச் சட்டமே பெரும்பாலும் செய்து வைத்திருக்கிறது.

1791இல் ஏற்கப்பட்ட அரசமைப்பின் முதல் திருத்தம், குறை தீர்க்கக் கோரி அரசிடம் முறையிடும் உரிமையைக் காக்கிறது. மருந்து நிறுவனங்களும் முதியோர் சங்கமும் துப்பாக்கி உரிமையாளர் அமைப்பும் ஆள் அமர்த்தி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் உறுப்பினர்களைச் சந்திப்பது இந்த உரிமையின் பெயரால்தான். ஆகவே அங்குள்ள சட்டங்கள் இச்செயலைத் தடுக்க முற்படாமல், செய்பவரைப் பதிவுசெய்து கணக்குக் காட்டச் சொல்கின்றன. 1946இல் வந்த முதல் பொதுச் சட்டத்தை 1954இல் ஹாரிஸ் வழக்கில் ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், சட்டமியற்றல் குறித்துக் காங்கிரஸ் உறுப்பினரிடம் நேரடியாகப் பேசுவதையே அது குறிக்கும் என்று சுருக்கிப் பொருள்கொண்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர்களின் அலுவலர்களையும் ஆட்சித்துறை உயர் அலுவலர்களையும் சேர்த்துக்கொண்டதோடு, ஒரு வாடிக்கையாளருக்காகச் செலவிடும் நேரத்தில் 20 விழுக்காடாவது இப்பணிக்குப் போனால்தான் ஒருவர் அந்தப் பெயருக்கு உரியவர் என்றும் அளவு வைத்தது. பிறர் பொருட்டு, ஊதியம் பெற்று, முடிவெடுப்பவரிடமே பேசுவது என்பதே இவற்றிலிருந்து நான் திரட்டும் பொருள்.

பரப்புரை மக்களை நோக்கியது. நீதிமன்றம் பிரித்து வைத்ததை அந்தச் சொல் மீண்டும் கலந்துவிடும். ஆதரவு திரட்டல் என்றதும் வாக்குக் கேட்டு வீடு வீடாகச் செல்வதே நினைவுக்கு வரும். தரகு என்பதில் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. வாஷிங்டனில் இத்தொழில் செய்து சிறை சென்ற ஜாக் அப்ரமோஃப் 2006இல் ஒப்புக்கொண்ட குற்றங்கள் கையூட்டுச் சதி, மோசடி, வரி ஏய்ப்பு ஆகியவை. காங்கிரசில் பிறருக்காகப் பேசியது அவற்றில் சேராது. வேட்பாளருக்குத் தரும் தேர்தல் நிதிக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. இவையெல்லாம் நடைமுறையில் பின்னிக் கிடக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் அந்தப் பின்னலைக் கட்டுரையாளர் விளக்க வேண்டுமானால் ஒவ்வோர் இழைக்கும் தனிப்பெயர் வேண்டும்.

‘லாபி’ என்ற மூலச் சொல் கட்டடத்தின் முன்கூடத்தைக் குறிப்பது. அதிபர் கிராண்ட் அடிக்கடி வந்துபோன வாஷிங்டன் வில்லார்டு விடுதியின் முன்கூடத்தில் காத்திருந்தவர்களால் இப்பெயர் பிறந்தது என்ற கதை சுவையானதே. ஆனால் அவர் பதவியேற்ற 1869க்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இச்சொல் அமெரிக்க அரசியல் வழக்கில் இருந்தது. அவைக்குள் நுழைய உரிமையில்லாதவர், நுழைவோரை வழியில் கண்டு பேசும் இடம் என்பதே கரு. தமிழில் இதற்கு நேரான சொல் ‘வாயில்’. அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தொல்காப்பியத்தின் கற்பியல், தோழி, பாணன், விருந்தினர் எனத் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூதாக நின்று பேசுவோரை ‘வாயில்கள்’ என்கிறது. அவர்களுக்கு இணங்குவது வாயில் நேர்தல், இணங்காதது வாயில் மறுத்தல். தலைவனை அண்டி வாழும் பாணன் அவனுக்காகப் பேச வரும்போது தலைவியும் தோழியும் அவன் சொல்லை எளிதில் நம்புவதில்லை. ஆயினும் அவன் வருவதை யாரும் குற்றமென்று கருதுவதில்லை. வாஷிங்டனில் இத்தொழிலுக்கு இருக்கும் நிலையும் ஏறத்தாழ இதுவே. எனவே செயலுக்கு ‘வாயிலுரை’, செய்பவருக்கு ‘வாயிலுரைஞர்’ என முன்மொழிகிறேன்.

மறுமொழி:

மதிப்புக்குரிய ஐயா, கற்பியலை நீங்கள் கொண்டுவந்தது மகிழ்ச்சி, ஆனால் எனக்கு இரண்டு ஐயங்கள். வாயிலோன் என்றால் பழந்தமிழில் காவலன். உங்கள் சொல்லால் குறிக்கப்படுபவரோ அக்காவலனைத் தாண்டிச் செல்ல முயல்பவர். மேலும் தொழிற்சங்கத்தாரிடம் ‘வாயிற்கூட்டம்’ என்ற சொல் வழங்குகிறது. ஆலை வாசலில் நின்று முழங்குவதையும் அமைச்சரின் அறையில் மெல்லப் பேசுவதையும் வாசகர் குழப்பிக்கொள்ள மாட்டாரா? நாளிதழ்க்காரர்கள் எப்படியும் ‘லாபி’ என்றுதான் எழுதப் போகிறார்கள். ஒரு பத்தியில் வைத்துக் காட்டுங்கள், பிறகு சொல்கிறேன்.

மறுமொழி:

அம்மையீர், காவலன் என்ற மயக்கம் வரக் கூடாதென்றே வாயிலர் என்று நிறுத்தாமல் ‘உரை’யைச் சேர்த்தேன். கூட்டத்தையும் உரையையும் வாசகர் பிரித்தறிவார் என்றே நம்புகிறேன். ‘அவர் வாயிலாகச் சொல்லி அனுப்பினேன்’ என்பது இன்றும் எழுதும் தமிழ்தானே. நீங்கள் கேட்ட பத்தி:

“2003இல் மூத்தோருக்கான மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவைச் சேர்த்த சட்டம், மருந்து விலை குறித்து அத்திட்டம் நிறுவனங்களுடன் பேரம் பேசுவதைத் தடுத்தது. மருந்து நிறுவனங்களின் வாயிலுரைஞர்கள் வேண்டியதும் அதுவே. பிரதிநிதிகள் அவையில் விடியற்காலை வாக்கெடுப்பை ஏறத்தாழ 3 மணி நேரம் திறந்து வைத்திருந்து, 220க்கு 215 என நிறைவேற்றினார்கள். அதை உருவாக்குவதில் முன்நின்ற, அவ்வவையின் குழு ஒன்றின் தலைவர் பில்லி டோசின், 2005 தொடக்கத்தில் அந்நிறுவனங்களின் சங்கத்துக்கே தலைவரானார். குறிப்பிட்ட சில மருந்துகளுக்குப் பேரத்தை அனுமதிக்கும் சட்டம் 2022இல்தான் வந்தது.”

இதில் ‘வாயிலுரைஞர்’ எனக்கு இடறவில்லை. ‘பரப்புரையாளர்’ என்று மாற்றிப் படித்தால் அவர்கள் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தவர்கள் போலத் தோன்றுகிறது.

எழுதும்போது இன்னொரு பயனும் தெரிந்தது. டோசினைப் போலச் சட்டமியற்றும் பதவிக்கும் வாயிலுரைத் தொழிலுக்கும் இடையே மாறி மாறிச் செல்வதைச் ‘சுழற்கதவு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறோம். அதைச் ‘சுழல்வாயில்’ என்றால் இரண்டும் ஒரே குடும்பச் சொற்களாகிவிடும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முன்னாள் செனட் உறுப்பினர் 2 ஆண்டு காங்கிரசில் வாயிலுரை செய்யக் கூடாது. பிரதிநிதிகள் அவையில் இருந்தவருக்கு 1 ஆண்டு. இக்காலத்துக்குக் ‘காத்திருப்புக் காலம்’ போதும். புதிதாகத் தேட வேண்டியதில்லை.

வாயிலுரைஞரை அமர்த்தும் அமைப்புகளுக்குப் பாடநூல்களில் உள்ள ‘அழுத்தக் குழு’ ஒரு பக்கம் சாய்ந்த சொல். ‘நலக்குழு’ என்றாலோ நம் தெருக் குடியிருப்போர் நலச்சங்கம் போல ஒலிக்கிறது. ‘நலன்சார் குழு’ என்று வைத்துக்கொள்ளலாமா என்று நீங்களும் மற்றவர்களும் சொல்லுங்கள்.