புதுப்பிப்பு: 4294967297 முதன்மை எண் அல்ல

போன வாரம் 4294967297, அதாவது 2இன் 32ஆம் வலுவுடன் ஒன்று கூட்டிய எண், முதன்மை எண்ணாகத்தான் (1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்) இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். 500 வரையுள்ள 95 முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன் என்ற பெருமை வேறு. தவறு.

"64இன் மடங்குடன் ஒன்று கூட்டி வரும் முதன்மை எண்களை மட்டும் பாருங்கள் அக்கா" என்று ஒரு தம்பி பதில் எழுதியிருந்தார். இந்த எண்ணை வகுக்கக்கூடிய முதன்மை எண்கள் அந்த வடிவில்தான் இருக்குமாம். நேற்று ஹற்றனில் அடைமழை; மின்சாரமும் இல்லை. மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, பழைய கொழுந்துக் கணக்குத் தாளின் பின்புறத்தில் வகுக்கத் தொடங்கினேன். 193க்கு மீதி 109. 257க்கு மீதி 2. (அந்த இரண்டைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.) 449, 577 இரண்டும் கைவிட்டன. அடுத்தது 641. மீதி பூச்சியம்! ஈவு 6700417.

இதை முதன்மை எண் என்றே கணித மேதை ஃபெர்மாவும் நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதையான ஒயிலர்தான் அதை உடைத்தார். ஆகவே எனக்குப் பெரிய வெட்கமில்லை.

வகுக்காமலும் நிறுவலாம். 641 என்பது 5×128+1, அதுவே 625+16. முதலாவதன்படி 641ஆல் வகுக்க 5×128 மீதி −1 தரும்; ஆகவே அதன் நான்காம் வலு மீதி 1 தரும். இரண்டாவதன்படி அதிலுள்ள 625க்குப் (5இன் நான்காம் வலு) பதிலாக −16 போடலாம். 16உம் 128இன் நான்காம் வலுவும் பெருகினால் 2இன் 32ஆம் வலு. உடனே 2இன் 32ஆம் வலுவுக்கு மீதி −1 என்று வந்துவிடுகிறது; ஒன்று கூட்டினால் பூச்சியம்.