பிக்கப் டிரக்கைத் தாழ்த்த எவ்வளவு ஆகும்?

வணக்கம். ஹூஸ்டனில் இருக்கிறேன். வண்டி 2016 செவர்லே சில்வராடோ 1500. அப்பாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு முறையும் கதவைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறார், பார்க்கவே மனசு கேட்கவில்லை. கால்மிதி போட்டும் பலனில்லை. அதனால் முன்னால் 2 அங்குலம், பின்னால் 4 அங்குலம் இறக்க நினைக்கிறேன்.

பின்னால் லீஃப் ஸ்பிரிங்கை (பட்டை வில்) வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள், ஹேங்கர் என்ற தாங்கிகளை மாற்றினால் போதும். சரி, முன்னால் குட்டை ஸ்ட்ரட்டா (ஸ்பிரிங்கும் அதிர்வுதாங்கியும் சேர்ந்த பாகம்), டிராப் ஸ்பிண்டிலா (சக்கரம் மாட்டும் இடம் மேலே தள்ளி அமைந்த சக்கரத் தாங்கி)? ஸ்பிண்டில் என்றால் பழைய ஸ்பிரிங் அப்படியே இருக்கும், சொகுசு குறையாது. எனக்கு அதில்தான் மனம்.

ஒரு கடையில் பொருள், கூலி, அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது) எல்லாம் சேர்த்து 1,800 டாலர் கேட்டார்கள். நியாயமா? ஹேங்கரின் ரிவெட்டுகளை வீட்டிலேயே வெட்டி எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், சுமை ஏற்றினால் பின் அச்சு அடிச்சட்டத்தில் இடிக்குமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.