மூன்று வயது மகனுக்குச் சிறுநீரில் கால்சியம் அதிகம் என்று அறிக்கை: பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி (வேளச்சேரியிலிருந்து ஒரு தாய்):
அக்னி நட்சத்திர வெயிலில் என் மூன்று வயது மகனுக்கு நீர்க்கடுப்பு வந்ததால் சிறுநீர்ப் பரிசோதனை செய்தோம். கிருமித்தொற்று இல்லை, ஆனால் கால்சியம்–கிரியேட்டினின் விகிதம் 0.32 என்றும், அது 0.2-க்குள் இருக்க வேண்டும் என்றும் அறிக்கை சொல்கிறது. கல் உருவாகிவிடும் என்று அஞ்சி, வீட்டுப் பெரியவர்கள் பால், தயிர், கேழ்வரகுக் கூழ் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். வளரும் பிள்ளைக்கு இது சரியா?

பதில் (குழந்தைநல மருத்துவர், அண்ணா நகர்):
அம்மா, எதையும் நிறுத்த வேண்டாம். 0.2 என்பது பெரியவர்களுக்கும் ஏறத்தாழ ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் உரிய உச்சவரம்பு. ஏழு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு 0.8 வரையிலும், ஒன்றரை வயது வரை 0.6 வரையிலும், அதன்பின் ஆறு வயது வரை 0.4 வரையிலும் இயல்பாகவே கொள்ளப்படுகிறது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. குழந்தைக்குத் தசை குறைவு என்பதால் சிறுநீரில் அதன் அளவும் குறைந்து, வகுக்கும் எண் சிறியதாகி, விகிதம் உயர்ந்து தெரிகிறது. சிறுநீரகமும் பிறக்கும்போதே முழுத்திறனுடன் இருப்பதில்லை. பிறந்த குழந்தையில் 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்கு நிமிடத்துக்குச் சுமார் 20 மில்லிலிட்டராக இருக்கும் வடிகட்டும் வேகம், இரண்டு வாரத்தில் இரட்டித்து, இரண்டு வயதளவில்தான் பெரியவர்களின் அளவை எட்டுகிறது. எல்லாச் சத்தும் ஒரே திசையில் மாறுவதுமில்லை: எலும்பு வளர்வதற்குப் பாஸ்பரஸ் தேவை என்பதால், அதைப் பச்சிளம் குழந்தையின் சிறுநீரகம் பெரியவர்களைவிட இறுக்கமாகவே பிடித்து வைத்துக்கொள்கிறது.

நீர்க்கடுப்பு தொடர்ந்தாலோ, சிறுநீர் சிவந்து போனாலோ உடனே நேரில் காட்டுங்கள்.

பதில் (ஆய்வக நுட்பர், தாம்பரம்):
மாதிரி எடுத்த நேரமும் முக்கியம், சகோதரி. பால் குடித்த பிறகு எடுத்தால் கால்சியம் கூடுதலாகவே வரும். ஆகவே காலையில் எழுந்ததும் போகும் சிறுநீரை விட்டுவிட்டு, வெறும் வயிற்றில் அடுத்த முறை போவதைப் பிடித்துக் கொடுங்கள். அப்பளம், ஊறுகாய், பாக்கெட் சிப்ஸ் ஆகியவற்றைக் குறையுங்கள், ஏனெனில் சிறுநீரில் உப்பு அதிகமாக வெளியேறும்போது கால்சியமும் கூடவே வெளியேறுகிறது.

கேள்வி (அடையாற்றிலிருந்து ஒரு தந்தை):
என் பத்து வயது மகளுக்கும் 0.31 வந்திருக்கிறது. அவளுக்கும் இதே விளக்கம் பொருந்துமா, டாக்டர்?

பதில் (குழந்தைநல மருத்துவர், அண்ணா நகர்):
பொருந்தாது, ஐயா. பத்து வயதில் 0.31 என்பது உண்மையிலேயே கூடுதல். மேலே சொன்ன முறைப்படி மாதிரி கொடுத்து மறுபடியும் பாருங்கள். அப்போதும் குறையவில்லையென்றால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளக்க வேண்டும். ஒரு நாளில் ஒரு கிலோ உடல் எடைக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வெளியேறினால் சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள். அவளுக்கும் பாலை நிறுத்தாதீர்கள்: உணவில் கால்சியம் குறைந்தால், கால்சியத்துடன் சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் என்ற உணவுப் பொருளைக் குடல் கூடுதலாக உறிஞ்சும், அதனால் கல் உருவாகும் வாய்ப்பு கூடுமே தவிரக் குறையாது.