ஹாலோ ஃபைபர் ரியாக்டருக்குள் கல்லீரல் செல்கள் மூன்றாம் நாளே சாகின்றன, ஏன்?

ஆய்வு மாணவி:
இரண்டு எலிகளின் கல்லீரலில் இருந்து பிரித்த சுமார் 50 கோடி செல்களை, கார்ட்ரிட்ஜில் (உள்ளே துளையுள்ள மெல்லிய இழைகள் அடுக்கிய குழாய்) இழைகளுக்கு வெளியே நிரப்பி ஓட்டுகிறேன். இழைகளுக்குள் மீடியா, அதாவது செல்களுக்கான ஊட்டத் திரவம், நிமிடத்துக்கு 20 மில்லி. காற்றில்தான் ஆக்சிஜன் ஏற்றுகிறேன். செல்கள் வேலை செய்வதைக் காட்டும் யூரியா முதல் நாள் நன்றாக வந்தது, மூன்றாம் நாள் பாதிக்கும் கீழே. வெட்டிச் சாயம் போட்டுப் பார்த்தால் இழையை ஒட்டியவை உயிரோடு, தள்ளி இருப்பவை செத்துக் கிடக்கின்றன. மீடியா நுழையும் இடத்தில் ஆக்சிஜன் மீட்டர் சரியாகவே காட்டுகிறது. விடிகாலை நான்கு மணிக்கே வந்து பிரித்த செல்கள் இப்படிப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

பழைய ரியாக்டர்காரர்:
அம்மா, நுழைவை விடுங்கள், வெளியேறும் இடத்தில் அளந்தீர்களா? காற்றோடு சமநிலையில் உள்ள மீடியாவில், 37 டிகிரியில், லிட்டருக்கு 200 மைக்ரோமோல் ஆக்சிஜன்தான் கரையும். நிமிடத்துக்கு நீங்கள் விடும் 20 மில்லியில் 4 மைக்ரோமோல். பத்து லட்சம் கல்லீரல் செல்கள் நொடிக்கு 0.4 நானோமோல் அளவில் குடிக்கும். உங்கள் 50 கோடிக்கு நிமிடத்துக்கு 12 மைக்ரோமோல் வேண்டும். மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்கிறீர்கள்! புதிதாகப் பிரித்த செல்கள் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் இன்னும் அதிகம் கேட்கும்.

ஆய்வு மாணவி:
இப்போதுதான் அளந்தேன் ஐயா. வெளியே வருவதில் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்படியானால் 95 சதவீத ஆக்சிஜன் கொடுத்தால் போதுமா?

கல்லீரல் ஆய்வாளர்:
கணக்கு நேராகிவிடும், செல்லுக்கு நேராகாது. உடம்புக்குள் ரத்தம் நுழையும் பக்கத்துச் செல்கள் சுமார் 65 மிமீ பாதரச ஆக்சிஜன் அழுத்தத்தில் வாழ்கின்றன, வெளியேறும் பக்கம் 35. நீங்கள் தருவதோ 700ஐ ஒட்டி! இழை அருகே இருப்பவற்றுக்கு அதுவே நஞ்சு. தூரத்தில் இருப்பவற்றின் பிரச்சினையும் தீராது. செல் அடுக்கு எவ்வளவு தடிமன்? 200 மைக்ரானைத் தாண்டினால் உள்ளே மூச்சுத் திணறும். அப்புறம், ரத்தம் லிட்டருக்கு 200 மில்லி ஆக்சிஜன் சுமக்கிறது. மீடியா 5 மில்லிகூட இல்லை. அதனால்தான் மாட்டுச் சிவப்பணுக்களை மீடியாவில் சேர்த்துப் பார்த்தார்கள். பெர்லினில் செய்த ரியாக்டரில் மீடியா இழைகளுக்கு இடையே வாயு இழைகளையும் பின்னினார்கள், ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்திலேயே ஆக்சிஜன் கிடைக்கும். எனக்குப் பிடித்த வழி அதுதான்.

பழைய ரியாக்டர்காரர்:
புது கார்ட்ரிட்ஜ் வரும்வரை 10 கோடி செல்களை மட்டும் ஏற்றுங்கள், மெல்லிய அடுக்காக. நிமிடத்துக்குத் தேவை 2.4 மைக்ரோமோல், கொடுப்பது 4. வெளியேறும் ஆக்சிஜன் அளவை மணிக்கொருதரம் எழுதி இங்கே போடுங்கள்.

ஆய்வு மாணவி:
வியாழக்கிழமை ஏற்றுகிறேன். மிக்க நன்றி, இருவருக்கும்.