இரட்டை பிராசசரில் 28 த்ரெட் போட்டால் வேகம் குறைகிறது

கோவையில் போன மாதம் வாங்கிய பழைய வொர்க்ஸ்டேஷன்: இரண்டு ஜியான் ஈ5-2680 வி4, மொத்தம் 28 கோர், 128 ஜிபி டிடிஆர்4, உபுண்டு 22.04. சி++, ஓபன்எம்பி-யில் (வேலையை ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்களாகப் பிரிக்கும் வசதி) நான் எழுதிய வெப்பப் பரவல் சிமுலேஷன் 14 த்ரெட் வரை நன்றாக ஓடுகிறது. 28 ஆக்கினால் வேகம் குறைகிறது. சிறிய கிரிட்டில் நண்பரின் ஆறு கோர் ரைசன் 5 5600 இதை முந்திவிடுகிறது, அதுதான் எரிச்சல்!

பிளெண்டர் ரெண்டரில் 28 கோரும் ஒழுங்காக வேலை செய்கின்றன, அதனால் ஹார்டுவேர் கோளாறு இல்லை என்றே நினைக்கிறேன். ஆம்டால் விதியும் காரணமாகத் தெரியவில்லை. அந்த விதிப்படி, பிரிக்க முடியாத பகுதியால் வேகம் ஒரு கட்டத்தில் நின்றுபோகலாம், குறையாது.

மெமரி ஸ்டிக்குகள் இரண்டு பிராசசருக்கும் சமமாகவே உள்ளன. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்தேன், த்ரெட்களை கோர்களோடு கட்டினேன், பலனில்லை. மெமரியை எந்தப் பிராசசரிடம் ஒதுக்குவது என்று சொல்லும் நியூமாகன்ட்ரோலில் இன்டர்லீவ் (இரண்டுக்கும் மாறி மாறிப் பங்கிடுவது) போட்டதும் கொஞ்சம் தேறியது. அப்புறம் மெமரி எங்கே ஒதுக்கப்பட்டது என்று காட்டும் நியூமாஸ்டாட்டில் பார்த்தால் அரேக்கள் பெரும்பாலும் முதல் பிராசசரின் மெமரியிலேயே இருக்கின்றன. அவற்றுக்குத் தொடக்க மதிப்பு போடும் லூப் ஒற்றை த்ரெட்டில் ஓடுகிறது, அதுதான் காரணமோ என்று சந்தேகம்.

அந்த லூப்பை மட்டும் பேரலல் ஆக்கினால் போதுமா, இல்லை சாக்கெட்டுக்கு ஒரு புராசஸ் என்று எம்பிஐ-க்கு (தனித்தனி புராசஸ்கள் செய்தி பரிமாறி வேலை செய்யும் முறை) மாற்றித்தான் ஆக வேண்டுமா?