பியோ ஷாம்பெயின்: சின்னக் குடும்பத் தோட்டத்தில் வாங்கினால் ஏன் இவ்வளவு விலை?

கவின்75:

வணக்கம். அக்டோபரில் பாரிஸில் அண்ணனின் கல்யாண வரவேற்பு. ஷாம்பெயின் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. போன வாரம் ஓப் மாவட்டத்தில், பார்-சுர்-சேன் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்துக்குப் போனேன். அப்பா, அம்மா, மகள், அவ்வளவுதான் ஆட்கள். பாட்டிலில் பியோ, அதாவது இயற்கை விவசாய முத்திரை, பச்சை இலை. விலை 34 யூரோ. எங்கள் தெரு சூப்பர்மார்க்கெட்டில் 22க்கே ஷாம்பெயின் கிடைக்கிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டதற்கு அந்த அம்மா வானத்தைக் காட்டி "மழை" என்று சொல்லிச் சிரித்தார். அதற்குமேல் விவசாயம் பேச என் பிரெஞ்சு போதவில்லை.

இந்த 12 யூரோ வேலைக்கா, இலைப் படத்துக்கா? மருந்தே அடிக்காமல்தான் வளர்க்கிறார்களா? பியோ குடித்தால் தலைவலி வராது என்று நண்பன் அடித்துச் சொல்கிறான். அதுவும் உண்மையா?

லாஷப்பல் ரவி:

எல்லாம் விளம்பரம் தம்பி. கல்யாண வீட்டில் யார் இலையைப் பார்க்கப் போகிறார்கள்? 22க்கே வாங்கு. மிச்சக் காசுக்கு பிரியாணியில் இன்னும் கொஞ்சம் ஆட்டிறைச்சி போடு.

சேன்கரை:

ரவி அண்ணையின் பிரியாணி யோசனைக்கு என் ஆதரவு உண்டு. விளம்பரம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் இந்தப் பக்கத்தில் இப்படி ஒரு குடும்பத் தோட்டத்தில்தான் வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் கவாத்து, கோடையில் டிராக்டர், மற்ற நேரம் நிலவறை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த அம்மா சொன்னது சரியான பதில். இங்கே கொடிக்குப் பெரிய எதிரி அடிச்சாம்பல் நோய், பிரெஞ்சில் மில்டியூ. ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் இலையின் அடியில் வெள்ளையாகப் பூக்கும். பிறகு கொத்துக்குத் தாவி, காய் பழுப்பாகிச் சுருங்கிவிடும். வழக்கமான தோட்டக்காரர் செடிக்குள் ஊடுருவும் மருந்தை அடித்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் நிம்மதியாக இருப்பார். பியோவில் எங்களுக்குக் கைகொடுப்பது முக்கியமாகத் தாமிரம்தான். சாம்பல் நோய் என்பது வேறு, அதற்குக் கந்தகம். தாமிரம் இலையின் மேல் படிந்து நிற்குமே தவிர உள்ளே போகாது. 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மருந்து அடித்த பிறகு விரிந்த புது இலைக்கோ பாதுகாப்பே கிடையாது. ஆகவே ஒவ்வொரு மழைக்கும் முன்னால் மறுபடி அடிக்க வேண்டும், அது ஞாயிறாக இருந்தாலும், ஜூலை 14 தேசிய விடுமுறையாக இருந்தாலும். சரிவில் சேறாகி டிராக்டர் ஏறாவிட்டால் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு நடப்போம். மருந்தே அடிப்பதில்லை என்று யாராவது சொல்லி விற்றால், தம்பி, அங்கே வாங்காதே.

2021 நினைவிருக்கிறதா? ஏப்ரலில் உறைபனி மொட்டுகளைக் கருக்கியது. தப்பியதை ஜூன், ஜூலை மழையில் மில்டியூ தின்றது. பியோ தோட்டங்களுக்குத்தான் அடி அதிகம். எங்கள் கீழ்த்துண்டு நிலத்தில் அறுவடைக்கு ஆள் இறக்கவே இல்லை. நல்ல ஆண்டுகளில் கூடுதலாக விளைந்ததை வைனாக்கிச் சேமித்து வைக்க, ஷாம்பெயின் விளையும் இந்த ஷாம்பாஞ் பகுதியில் ஒரு முறை இருக்கிறது. அந்தச் சேமிப்பு இல்லாத குடும்பங்கள் அந்த ஆண்டைக் கடன் வாங்கித்தான் கடந்தன.

களைக்கொல்லியும் கூடாது. கொடிக்கும் கொடிக்கும் நடுவே மண்ணைக் கீறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் கீறும்போது சில துண்டுகளில் கண்ணாடிச் சில்லும் நீல பிளாஸ்டிக்கும் இன்றைக்கும் மேலே வரும். பாரிஸ் நகரக் குப்பையை உரம் என்று 1990கள் வரை இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். உலகத்திலேயே விலை உயர்ந்த திராட்சை நிலங்களில் ஒன்றில் நகரத்துக் குப்பை! எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனி விலை. ஒரு பாட்டிலுக்குச் சுமார் 1.2 கிலோ திராட்சை வேண்டும். கிலோ 6 யூரோவுக்கு மேல் போகிறது, கணக்கை நீயே போட்டுக்கொள். கையால்தான் பறிக்க வேண்டும், அது சட்டம். 4000 கிலோ பிழிந்தால் 2550 லிட்டர் சாறுதான் எடுக்கலாம். பிறகு நுரைக்காகப் பாட்டிலுக்குள் நடக்கும் இரண்டாம் நொதித்தலுக்கு லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்ப்போம். அந்தச் சர்க்கரைக்கும் பியோ சான்று வேண்டும். உள்ளே 6 பார் அழுத்தம் ஏறும், கார் டயரைப்போல இரண்டரை மடங்கு. லேபிளில் அறுவடை ஆண்டு போடாத ஷாம்பெயினே குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். சின்னக் குடும்பங்கள் பெரும்பாலும் அதைவிட அதிக நாள் வைக்கும், அத்தனை நாளும் போட்ட பணம் இருட்டில் தூங்கும். இவற்றில் பாதி பியோ அல்லாதவர்களுக்கும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். பியோவால் கூடுவது வேலை நேரம், டீசல், எல்லாவற்றுக்கும் மேலாக விளைச்சல் போய்விடும் ஆபத்து. பியோவுக்கு மாறுவதற்கான மூன்று ஆண்டும் செலவு பியோ செலவு, ஆனால் முத்திரை கிடையாது.

ஷாம்பாஞ் நிலத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் விவசாயக் குடும்பங்கள் கையில் இருக்கிறது. விற்பனையில் பெரும்பங்கோ பெரிய நிறுவனங்களுக்கு. திராட்சையை எடைக்கு விற்பவருக்கு விளைச்சல் குறைந்தால் நேரடி நட்டம், அவர் எதற்காக மாறப் போகிறார்? தன் பெயரில் பாட்டில் போடும் குடும்பம்தான் துணிந்து மாறும், ஏனென்றால் அந்த நட்டத்தை விலையில் கொஞ்சமாவது மீட்கலாம். கூர்த்ரோனில் ஃப்ளூரி குடும்பம் 1989லேயே பயோடைனமிக் என்ற, பியோவைவிடக் கண்டிப்பான முறைக்கு மாறியது. கூமியேரில் லாவால் குடும்பம் 1971 முதல் பியோ. அப்போது ஊரே சிரித்திருக்கும். அந்த 12 யூரோவை நான் மழைக் காப்பீடு என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அது நியாயமான விலை.

தலைவலி பற்றி: வைன் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட்டுக்குப் பியோவில் வரம்பு குறைவு, இல்லாமல் இல்லை. எத்தனை கிளாஸ் என்பதை நண்பனிடம் கேள்.

கம்பத்தான்:

வணக்கம் அண்ணே. தேனி மாவட்டத்தில் பன்னீர் திராட்சை போடுகிறோம். நீங்கள் சொல்லும் தாமிரம் நம்ம போர்டோ கலவைதானா? நாங்கள் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று கலப்போம். இவ்வளவுதான் அடிக்கலாம் என்று அங்கே கணக்கு உண்டா?

சேன்கரை:

அதேதான் தம்பி. 1880களில் போர்தோ பக்கத்துத் திராட்சைக்காகக் கண்டுபிடித்ததுதான் அந்தப் பெயரோடு கம்பம் வரை வந்திருக்கிறது. கணக்கு உண்டு, கடுமையாகவே. ஹெக்டேருக்கு 7 ஆண்டில் 28 கிலோ தாமிரம், அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. துத்தத்தில் கால்வாசிதான் தாமிரம். உங்கள் அளவில் ஹெக்டேருக்கு 1000 லிட்டர் அடித்தால் ஒரே தடவையில் இரண்டரை கிலோ போய்விடும், இரண்டாவது தடவையில் அந்த ஆண்டுக் கணக்கு தாண்டிவிடும். இங்கே ஒரு தடவைக்குச் சில நூறு கிராம்தான், அதைப் பல தடவை. தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும், மண்புழுவுக்கு ஆகாது. பியோவை எதிர்ப்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. 2022 போல வறண்ட ஆண்டில் மிச்சம் பிடித்தால்தான் மழை ஆண்டில் சமாளிக்கலாம்.

கவின்75:

நன்றி அண்ணா. அங்கேயே வாங்குகிறேன். எந்த வகை எடுப்பது? எங்கள் பெரியம்மாக்களும் ஒரு வாய் குடிப்பார்கள்.

சேன்கரை:

லேபிளில் பொடி எழுத்தில் ஆர்.எம். என்று இருக்கிறதா பார். தன் திராட்சையில் தானே செய்தவர் என்று பொருள். பின்பக்கம், பாட்டிலில் தங்கிய ஈஸ்ட் வண்டலை நீக்கிய தேதி இருந்தால் இன்னும் நல்லது. ப்ரூட் நாத்யூர் என்றால் லிட்டருக்கு 3 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. எனக்கு அதுதான் பிடிக்கும், பெரியம்மா முகம் சுளிப்பார். பொதுவாக எல்லாருக்கும் ப்ரூட் எடு, 12 கிராமுக்குக் கீழ். கேசரியோடு கொடுப்பதானால் தெமி-செக் நாலைந்து பாட்டில் தனியாகக் கேள், அதில் 32 முதல் 50 கிராம் இருக்கும். குளிர வைக்க ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் அரை மணி நேரம் போதும், ஃப்ரீசரில் வைக்காதே. ஆகஸ்ட் கடைசிக்குள் சொல்லிவை, செப்டம்பரில் அறுவடை நடந்தால் அந்த வீட்டில் யாரும் தொலைபேசி எடுக்க மாட்டார்கள்.